ஆதிரைக்கு ஒரு மட்டை

மார்ச் 23, ஞாயிறு

சாந்தாமணி அக்கா கேட்டுக்கொண்டதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். குழந்தை என்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், எதற்கு அழுகிறாள், எல்லாவற்றையும் தினமும் குறித்து வைக்கச் சொன்னார். ஜூனில் வந்து கூட்டிப் போகும்போது அவருக்கு உதவுமாம்.

நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் ஆஸ்பத்திரிகளின் தராசுகளையும் வெப்பமானிகளையும் சரிபார்ப்போம். எந்தக் கருவி வந்தாலும் முதலில் அதன் விவரங்களை எழுதுவது வழக்கம். அப்படியே எழுதிவிடுகிறேன்.

பெயர் ஆதிரை. வயது ஐந்து, இரண்டு மாதம். என் அக்கா பூங்கொடியின் ஒரே மகள். அக்காவும் மகுடேஸ்வரன் மச்சானும் பிப்ரவரி 15 அன்று கார் பனியில் சறுக்கி இறந்துபோனார்கள். ஆதிரை அப்போது என் அபார்ட்மெண்டில் இருந்தாள். மறுநாள் விடிகாலையில் எனக்கு வேலை இருந்ததால் அவளை அழைத்துப் போக வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் அப்பா அம்மா இல்லை. காங்கேயத்திலிருந்து என்னை இந்த மிச்சிகனுக்குக் கொண்டுவந்ததே அக்காதான். மச்சானுக்கு ஓர் அண்ணன், சம்பத், டல்லாஸில் இருக்கிறார். சாந்தாமணி அக்கா அவர் மனைவி. இரண்டு பையன்கள், பெரிய வீடு. ஆதிரை அவர்களிடம் வளர்வது என்று காரியத்தன்றே முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். பள்ளியை நடுவில் மாற்ற வேண்டாம் என்பதால் ஜூன் வரை அக்கா வீட்டிலேயே தங்கி அவளைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று: காலையில் இரண்டு தோசை. மதியம் தயிர்ச் சோறு, பாதி. ராத்திரி பால் மட்டும். எட்டரைக்குத் தூங்கினாள். அழவில்லை.

மார்ச் 26, புதன்

தோசை ஒன்றரை. ஒரு காலுறையைக் காணவில்லை என்று தேடினோம். துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் கிடந்தது. பக்கத்தில் மச்சானுடையதும் ஒன்று கிடந்தது. இரண்டையும் துவைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

சம்பத் மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணிக்குக் கூப்பிடுவார். முதலில் ஆதிரையிடம் பேசுவார். அவள் திரையில் தன் நெற்றியை மட்டும் காட்டுவாள். பிறகு என்னிடம்.

“மாப்ள, இங்க பசங்க ரெண்டு பேரும் எந்நேரமும் பேஸ்பால்தானுங்க. ஆதிரை வந்து ஓரமா உக்காந்துட்டான்னா மனசுக்குக் கஷ்டமா இருக்கும். இப்பவே கொஞ்சம் பழக்கி விடுங்களேன். சின்னப் புள்ளைங்களுக்குன்னே அடிக்கப் பழக்கற பொம்மை விக்கறாங்களாம்.”

“பாக்கறனுங்க மச்சான்.”

“நீங்க வெளையாடுவீங்களா?”

“இல்லீங்க.”

நான் கிரிக்கெட்டே ஆடியதில்லை. காங்கேயத்தில் பையன்கள் ஆடும்போது பந்து சாக்கடைக்குள் போனால் எடுத்துக் கொடுப்பது என் வேலையாக இருந்தது.

மதியம் அரை இட்லி. தொட்டுக்கொள்ள சர்க்கரை.

ஏப்ரல் 2, புதன்

பந்தடிக்கப் பழக்கும் பொம்மைகளில் நான்கு வகை இருக்கின்றன. மதிய உணவு இடைவேளையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன்.

முதல் வகையில் ஒரு தண்டு. அதன் உச்சியில் பந்தை வைத்து அடிக்க வேண்டும். இரண்டாவதில் கட்டையை மிதித்தால் பந்து எகிறும். அது கீழே வருவதற்குள் அடிக்க வேண்டும். மூன்றாவது கயிற்றில் தொங்கும் பந்து. அடித்தால் சுற்றி வரும், முகத்தில் படலாம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான்காவது பேட்டரி மெஷின். சிவப்பு விளக்கு மூன்று தடவை மினுக்கிவிட்டு, பஞ்சுப் பந்தைத் தானாகவே வீசும். பெற்றோர் நின்று எறிய வேண்டியதில்லை. அதற்குத்தான் நல்ல பெயர் அதிகம்.

அட்டவணை போட்டேன். எடை, உயரம், எத்தனை வயதுக்கு, பந்து எதனால் ஆனது, உடைந்தால் கூர்மையாக உடையுமா. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “பொம்மைக்கா இதெல்லாம்?” என்றார். ஆமாம் என்றேன்.

அட்டவணை போட்டுக்கொண்டிருந்த ஒரு மணி நேரமும் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. நாளையும் கொஞ்சம் படிக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு டீ-பால் என்று ஒன்று நடத்துகிறார்கள். பேஸ்பால்தான், ஆனால் யாரும் பந்து வீச மாட்டார்கள். தண்டின் மேல் வைத்த பந்தை அடித்துவிட்டு ஓட வேண்டும். மே மாதம் ஆட்டம் ஆரம்பம், ஜூன் நடுவில் முடிகிறது. சேர்த்துவிட்டேன். படிவத்தில் பெற்றோர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி அடித்துவிட்டு, கீழே அவசரத் தொடர்பு என்ற இடத்தில் எழுதினேன்.

பயிற்சி கொடுப்பவர் கார்லா என்ற பெண். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறார். அவர் மகனும் இதே அணிதான். ஆதிரை என்று சொல்ல வரவில்லை. ‘ஆடி’ என்று கூப்பிடலாமா என்று குனிந்து அவளிடமே கேட்டார். ஆதிரை யோசித்து, “ஓகே” என்றாள். வீட்டுக்கு வந்து என்னிடம், “மாமா, நீங்க ஆதிரைன்னே கூப்பிடுங்க” என்றாள்.

சோறு, பருப்பு, முழுத் தட்டு.

ஏப்ரல் 12, சனி

பேட்டரி மெஷின் வந்தது. அட்டவணையில் அதுதான் முதல். பின்வாசலில் புல்மேல் வைத்து, கொடுத்திருந்த மஞ்சள் மட்டையை ஆதிரை கையில் கொடுத்து நிற்க வைத்தேன்.

விளக்கு மூன்று முறை சிவப்பாக மினுக்கியது. பந்து வந்து அவள் வயிற்றில் பட்டு விழுந்தது. வலித்திருக்காது, பஞ்சு. அவள் மட்டையை அசைக்கவில்லை. இரண்டாவது பந்து. மூன்றாவது. அவள் பந்தைப் பார்க்கவே இல்லை, விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பார்த்தால், கோட்டுப் போட்டு, ஷூ மாட்டி, வாசல் கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“எங்க போகணும் சாமி?”

“எங்கயும் இல்ல.”

மதியம் சாப்பிடவில்லை. ராத்திரி வாழைப்பழம் ஒன்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

மெஷினைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். என்ன கோளாறு என்று கேட்டார்கள். கோளாறு இல்லை, நன்றாக வேலை செய்கிறது என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு ‘பிடிக்கவில்லை’ என்று தட்டச்சு செய்துகொண்டாள்.

நேற்றே எழுதியிருக்க வேண்டும். பிப்ரவரி 15 அன்று என் அபார்ட்மெண்டிலும் அவள் அப்படித்தான் கோட்டும் ஷூவும் போட்டு, கதவருகே தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரம். ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் சுற்றியபோது, “அம்மா வந்தாச்சு” என்று எழுந்து நின்றாள். வந்தது போலீஸ்.

வாங்குவதற்கு முன் விளக்கைப் பற்றி நான் யோசித்திருக்க வேண்டும். அட்டவணையில் விளக்கு என்றொரு கட்டம்கூட இருந்தது. ‘உண்டு’ என்று எழுதியிருந்தேன்.

ஏப்ரல் 19, சனி

மிதித்தால் எகிறும் வகையை வாங்கினேன். மிதிப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் மிதித்துவிட்டு மட்டையைத் தூக்குவதற்குள் பந்து தரைக்கு வந்துவிடுகிறது. நான் மிதித்தேன். அப்போதும் மட்டை பந்துக்கு முன்னாலோ பின்னாலோ போயிற்று. இருபது தடவை எண்ணினேன், ஒன்றும் படவில்லை.

அவள் ஓங்கி மிதித்ததில் ஒரு பந்து எகிறி நேராக என் காபி டம்ளருக்குள் விழுந்தது. ஆதிரை சிரித்தாள். இரண்டு நொடி இருக்கும். குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்

சாந்தாமணி அக்கா ஆதிரைக்கு ஒதுக்கியிருக்கும் அறையின் படம் அனுப்பினார். சுவருக்கு இளம்பச்சை அடித்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கம் கட்டில். நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்பினேன்.

ஏப்ரல் 26, சனி

முதல் பயிற்சி. பன்னிரண்டு பிள்ளைகள். ஒருவன் மட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். இருவர் புழு தேடினார்கள். ஆதிரை தன் முறை வந்தபோது மட்டையை வீசினாள், தண்டு விழுந்தது, பந்தும் கூடவே உருண்டது. கைதட்டினார்கள். அவள் ஓடவில்லை.

முடிந்ததும் கார்லா என்னைத் தனியே கூப்பிட்டார்.

“வீட்டில் எதில் பழகுகிறாள்?”

சொன்னேன்.

“எகிறுகிற பந்தெல்லாம் இப்போது வேண்டாம். வெறும் தண்டு போதும். விளக்கு, சத்தம், பாட்டு எதுவும் இல்லாததாக வாங்குங்கள். அடிப்பக்கம் கனமாக இருக்கட்டும், மட்டை தடிமனாக, லேசாக இருக்கட்டும். பந்து அவள் தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும்.” பிறகு, “அடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாள், கவனித்தீர்களா?” என்றார்.

கவனிக்கவில்லை. இவ்வளவு நாளும் நான் மட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“பயப்படுகிற பிள்ளைகள் மூடுவார்கள். போகப் போகச் சரியாகிவிடும்” என்றார்.

மே 3, சனி

கடைக்கு அவளையும் கூட்டிப் போனேன். அட்டவணையை எடுத்துப் போகவில்லை. ஐந்தாறு தண்டுகள் இருந்தன. டைனோசர் தலை வைத்தது ஒன்று, அடித்தால் கைதட்டல் சத்தம் கேட்பது ஒன்று. ஆதிரை ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்தாள். கடைசியாக வெறும் சாம்பல் நிறத்தில், அடியில் தண்ணீர் நிரப்புகிற மாதிரி இருந்த ஒன்றன் முன்னால் நின்றாள். பெட்டியில் சிரிக்கிற குழந்தையின் படம்கூட இல்லை.

“மாமா, இது என்ன பண்ணும்?”

“ஒண்ணும் பண்ணாது சாமி. சும்மா நிக்கும். பந்தை மேல வெக்கணும்.”

“பால் தானா வராதா?”

“வராது.”

“நான் ரெடி ஆகற வரைக்கும் அங்கயே இருக்குமா?”

“இருக்கும்.”

“ரொம்ப நேரம் ஆனா?”

“ஆனாலும்.”

அதைத்தான் வாங்கினோம். வீட்டுக்கு வந்து அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்தேன். தொப்புள் உயரம் அறுபத்திரண்டு சென்டிமீட்டர். அளக்கும்போது கூசியதால் நெளிந்தாள். ஆறு முறை அளந்து சராசரி எடுத்தேன்.

முப்பது தடவை வீசினாள். தண்டில் பதினேழு, காற்றில் பதின்மூன்று. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடினாள். வாயும் லேசாக அசைகிறது. எண்ணுகிறாளோ என்னவோ.

மூன்று சப்பாத்தி. இதுவரை இவ்வளவு சாப்பிட்டதில்லை.

மே 9, வெள்ளி

ஞாயிறு அன்னையர் தினம். வகுப்பில் எல்லோரும் வாழ்த்து அட்டை செய்கிறார்கள், ஆதிரையை வேறு ஏதாவது செய்யச் சொல்லட்டுமா என்று ஆசிரியை முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்தார். அவளையே கேளுங்கள் என்று பதில் போட்டேன். அவள் அட்டைதான் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் கைப்பையை எடுத்துவந்து அதற்குள் வைத்து ஜிப்பை மூடினாள். போலீஸ் கொடுத்த பை. அதை எங்கே வைத்தேன் என்று எனக்கே மறந்துபோயிருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மே 17, சனி

இரண்டாவது ஆட்டம். கண்ணை மூடி, தண்டை அடித்தாள். பிறகு மைதானத்தில் உட்கார்ந்து மஞ்சள் பூப் பறித்தாள். பந்து பக்கத்தில் உருண்டு வந்தபோது அதற்கு வழி விட்டாள்.

அணியில் ஒரு பையனின் அப்பா, “உங்கள் மகள் மிகவும் அமைதி” என்றார். ஆமாம் என்றேன். திருத்தவில்லை.

மே 21, புதன்

இன்று நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். இதை சாந்தாமணி அக்காவிடம் கொடுக்க முடியாது. சாப்பாட்டு விவரங்களை மட்டும் வேறொரு நோட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மே 28, புதன்

டல்லாஸுக்கு டிக்கெட் வந்துவிட்டது. மூன்று பேருக்கும். ஜூன் 15, ஞாயிறு, மதியம். சம்பத் மச்சானும் சாந்தாமணி அக்காவும் வெள்ளிக்கிழமையே இங்கு வந்துவிடுவார்கள். ஆதிரையின் உடைகளை அளவு பார்த்துப் பிரித்தேன். போன வருஷத்துச் சட்டைகள் மணிக்கட்டுக்கு மேல் நிற்கின்றன. தனியாக ஒரு பெட்டியில் போட்டேன்.

ஜூன் 1, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

சம்பத் மச்சான் பேசி வைத்த பிறகு பின்வாசலுக்குப் போனோம். வெயில் நன்றாக இருந்தது. ஆதிரை பத்துத் தடவை வீசியிருப்பாள். தண்டு, தண்டு, காற்று. வீசுவதற்கு முன் வாய் அசைந்தது. நான் பந்தைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டே, சும்மாதான் கேட்டேன்.

“கண்ணை ஏன் சாமி மூடறே?”

“அப்பத்தான் சொல்ல முடியும்.”

“என்ன சொல்றே?”

“ஸாரி.”

“ஆருகிட்ட?”

“அம்மாகிட்ட. அப்பாகிட்டயும்.”

நான் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். எதற்கு ஸாரி என்று கேட்டேன். அவள் மட்டையின் நுனியால் புல்லைத் தட்டினாள்.

“அன்னைக்கு உங்க வீட்டுல எனக்குப் போரடிச்சுது. அம்மா வா அம்மா வான்னு சொன்னேன். மெல்லமாத்தான் சொன்னேன். உங்களுக்குக் கேக்கல. ஆனா அம்மாக்குக் கேட்டுருச்சு. அதான் வந்தாங்க.”

நூற்றாறு நாள். அவள் இதை நூற்றாறு நாள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தோசைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்தில் நான் எழுதியிருப்பது பொய். பிப்ரவரி 16 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று ஆய்வகம் திறப்பதே இல்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா கூப்பிட்டாள். “சிவா, பனி கொட்டுது. பாப்பா இன்னைக்கு அங்கயே தூங்கட்டுமா? காலைல வந்து கூட்டிக்கறோம்” என்றாள். மத்தியானத்திலிருந்து ஆதிரை வீடு முழுக்க ஓடிக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை வலித்தது. தனியாகச் சோபாவில் படுத்து ஒரு படம் பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். “இல்லக்கா, விடிகாலைல எனக்கு வேலை இருக்குது, இப்பவே வந்து கூட்டிட்டுப் போயிருங்க” என்றேன். அக்கா, “செரி, செரி, இதா வந்தர்றோம்” என்றாள். யாரிடமும் நான் இதைச் சொல்லவில்லை. வேலை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். போலீஸிடமும்.

புல்லில் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

“ஆதிரை, நீ சொன்னது அம்மாவுக்குக் கேக்கல.”

“கேட்டுச்சு.”

“இல்ல சாமி. அம்மா எனக்குப் போன் பண்ணாங்க. நீ இங்கயே தூங்கட்டும்னுதான் சொன்னாங்க. நான்தான் வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேன். மாமாதான் கூப்பிட்டேன்.”

“ஏன்?”

“எனக்குக் களைப்பா இருந்துச்சு. தனியா இருக்கோணும்னு தோணுச்சு.”

“எம்மேல கோவமா?”

“இல்ல. களைப்பு மட்டுந்தான்.”

அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னைப் பார்த்து, நான் முகத்தைத் திருப்பாமல் இருந்ததில்லை.

“அப்ப நான் இல்லையா?”

“நீ இல்ல.”

“நான் மெல்லமாச் சொன்னது?”

“ஆருக்குமே கேக்கல சாமி. பக்கத்துல இருந்த எனக்கே கேக்கல.”

“செரி” என்றாள். அக்கா சொல்வது போலவே இருந்தது. பிறகு தண்ணீர் வேண்டும் என்றாள். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துவிட்டு, எதிர்வீட்டு நாயைப் பார்க்கப் போனாள்.

நான் புல்லிலேயே இருந்தேன். அழுகை வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. கால்தான் மரத்துப்போயிருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

சம்பத் மச்சானை நானே கூப்பிட்டேன். ஆதிரை எப்படியும் சொல்லிவிடுவாள், அதற்கு முன் நான் சொல்வது முறை. வேலை இல்லை, பொய் சொன்னேன், தங்க வைத்திருக்கலாம், என்று மூன்று வாக்கியம்.

இணைப்பு போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“ஒரே ஒரு ராத்திரி” என்றார். “ஒரு ராத்திரி படுக்க வெச்சிருந்தா என் தம்பி இருந்திருப்பான்.”

“ஆமாங்க மச்சான்.”

வைத்துவிட்டார்.

ஜூன் 5, வியாழன்

சாயங்காலப் பயிற்சியில் நான் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் பந்து போய்க்கொண்டிருந்தது. கார்லா கையை உயர்த்தி என்னிடம் தன் கண்களைச் சுட்டிக் காட்டினார். திறந்திருந்தாளாம். நான் பார்க்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணி. பத்தரை. பதினொன்று. கூப்பிடவில்லை.

“பெரியப்பா தூங்கறாங்களா?” என்றாள் ஆதிரை. இருக்கும் என்றேன்.

அவளுக்கு இரண்டு பெட்டி கட்டியாயிற்று.

ஜூன் 13, வெள்ளி

வந்துவிட்டார்கள். விமான நிலையத்தில் சம்பத் மச்சான் ஆதிரையைத் தூக்கிக்கொண்டார். என்னிடம் எதுவும் பேசவில்லை. வண்டியில் பின்சீட்டில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அவரைப் பக்கவாட்டில் பார்த்தால் மகுடேஸ்வரன் மச்சான் போலவே இருக்கிறது. பின்சீட்டு தெரியும் கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்து ஓட்டினேன்.

சமையலறையில் சாந்தாமணி அக்கா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார். “மாவு நீங்களே அரைக்கறீங்களா சிவா?” என்றார். ஆமாங்க என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு விவரம் எழுதிய புது நோட்டைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் படித்துவிட்டு மேசையில் வைத்தார்.

ஜூன் 14, சனி

காலையில் சாந்தாமணி அக்கா ஆதிரையைக் குளிக்க வைத்தார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சம்பத் மச்சான் மேசையில் இருந்தார். அக்கா ஈரக் கையோடு வந்து நின்றார்.

“எல்லாஞ் சொல்லிட்டா. ‘பெரியம்மா, நான் கூப்பிடலயாம். மாமாதான் கூப்பிட்டாங்களாம். எனக்குத் தெரியாம இத்தனை நாள் ஸாரி சொல்லிட்டு இருந்தேன்’னு. தலைக்குச் சோப்புப் போடச் சொல்லிக்கிட்டே சொல்றா.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மச்சானிடம் திரும்பினார். “ஏனுங்க, நம்மகிட்ட வந்திருந்தா அந்தப் புள்ள இத ஆருகிட்டச் சொல்லியிருக்கும்? நாம என்ன பதில் சொல்லியிருப்போம்? தப்பு அவளுதில்லைன்னு நமக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?”

தோசை தீய்ந்துவிட்டது. வேறு ஊற்றினேன்.

பத்து மணிக்குக் கடைசி ஆட்டம். ஆதிரை மட்டையை எடுத்துக்கொண்டு போனாள். தண்டின் முன் நின்றாள். ரொம்ப நேரம் நின்றாள். பின்னால் இருந்த பையன் “சீக்கிரம்” என்று கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இந்த முறை மட்டையைப் பார்க்கவில்லை. கண்ணைத்தான் பார்த்தேன். திறந்திருந்தது.

அடித்தாள். பந்து பத்தடி உருண்டிருக்கும். ஓடவும் செய்தாள், நேர் எதிர்ப்பக்கமாக. கார்லா “அந்தப் பக்கம், ஆடி, அந்தப் பக்கம்!” என்று துரத்திக்கொண்டு ஓட, எல்லோரும் சிரிக்க, சம்பத் மச்சான் எழுந்து நின்று, “ஓடு கண்ணு! ஓடு! எந்தப் பக்கமானாலும் ஓடு!” என்று கத்தினார். பிறகு உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுவதை இன்றுதான் பார்த்தேன். பக்கத்தில் ஒரு இடம் விட்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

முகத்திலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

“காரியத்தன்னைக்கும் தலையத்தான் ஆட்டுனீங்க. உங்களுக்கு என்ன வேணும் மாப்ள? வாயத் தொறந்து சொல்லுங்க.”

“எனக்குக் கேக்கற தகுதி இல்லீங்க.”

“தகுதிய நான் கேக்கல. என்ன வேணும்னு கேக்கறேன்.”

மைதானத்தில் ஆதிரை தப்பான மூலையில் நின்று, கையில் தொப்பியை வைத்துக்கொண்டு, எங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தினேன். பார்த்துவிட்டாள்.

“ஆதிரை எங்கூட இருக்கட்டுங்க மச்சான்.”

“எனக்கு உங்க மேல இருக்கற கோவம் போகல.”

“போக வேண்டாங்க.”

“எப்பப் போகும்னும் தெரியல.”

“செரிங்க.”

“லீவுக்கு லீவு அனுப்போணும். ஞாயித்துக்கிழமை தவறாம போன்ல காட்டோணும். நெத்திய இல்ல, மொகத்த.”

“காட்டறனுங்க.”

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். “வக்கீல்கிட்ட நான் பேசிக்கறேன். சாந்தாவுக்கு நீங்க சொல்லுங்க. ரூமுக்குப் பெயிண்டெல்லாம் அடிச்சு வெச்சிருக்கா.”

சாந்தாமணி அக்காவிடம் சொன்னேன். “காலைலயே தெரியும்” என்றார். “அந்த ரூம் இருக்கட்டும். லீவுக்கு வந்தா தூங்கறதுக்கு ஆகும்.” பிறகு அவரும் அழுதார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டோம். சம்பத் மச்சான் ஆதிரையின் உச்சியில் முத்தமிட்டார். என்னிடம் கையை நீட்டவில்லை. இரண்டடி போய், திரும்பி வந்து, “வண்டிய மெதுவா ஓட்டுங்க” என்றார்.

திரும்பும் வழியில் ஆதிரை கேட்டாள்.

“மாமா, நாளைக்கு ஸ்கூல் இல்ல. நாம என்ன பண்றது?”

“தெரியலயே சாமி.”

“எனக்கும் தெரியல.”

அடுத்த சிக்னலுக்குள் தூங்கிப்போனாள். வாய் திறந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். அவளை எழுப்பவில்லை. ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் தூங்கினாள். எனக்குப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.